சம்பந்தியின் மூன்று ரஷ்யக் கண்ணாடிகள்

1

போன ஆவணியில் இரண்டு நாள், எங்கள் வீட்டுப் பிறீசரில், அறக்குளா மீன் துண்டுகளுக்கும் தேங்காய்ப்பூப் பைக்கற்றுக்கும் நடுவே, துப்பாக்கியின் மேல் பூட்டிக் குறிபார்க்கிற ரஷ்யக் கண்ணாடி ஒன்று படுத்திருந்தது. ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் பதற வேண்டாம். எல்லோருக்குமாகச் சேர்த்து நானே பதறி முடித்துவிட்டேன்.

இந்தக் கார்த்திகையோடு நான் மொன்றியலுக்கு வந்து இருபத்தாறு வருடம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில், வட்ட லென்ஸைச் சட்டத்துக்கு ஏற்றபடி வெட்டிப் பூட்டுவது என் வேலை. பயப்படுவது என் பழக்கம். வெளியே போகும்போது அடுப்பை அணைத்துவிட்டேனா என்று சந்தேகம் வராமலிருக்க, அணைத்த அடுப்பைப் போனில் படம் எடுத்து வைத்திருப்பேன். மெற்றோவில் ஏறியபிறகு, இந்தப் படம் இன்றைக்கு எடுத்ததா நேற்றைக்கு எடுத்ததா என்று சந்தேகம் வரும்.

எங்களுக்கு ஒரே மகள். அபிஷா. சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் கார்டெரியில் வேலை செய்கிறாள். எத்தியன் என்று ஒரு கியூபெக் பெடியனை விரும்பினாள். இரண்டு வருடமாக விரும்பியிருக்கிறாள். எனக்குத் தெரிந்து எட்டு மாதம். மனைவி வதனிக்கு எப்போது தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்ற பயம். பெடியனில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் காருக்குப் பனிக்கால ரயர் மாற்றித் தருகிறான். என்னை "மமா" என்று கூப்பிடுகிறான். மாமாவில் ஒரு கால் குறைந்தாலும் மரியாதை குறையவில்லை.

பிரச்சினை அவனுடைய தகப்பன். பெயர் ரெஜான். வடக்கே ஒன்றரை மணித்தியால ஓட்டத்தில் ஒரு சின்ன ஊர். மர லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். தாய் லீனுக்கு அபிஷா என்றால் உயிர். ஆனால் மோதிரம் மாற்றும் கதையை எடுத்த நேரமெல்லாம் ரெஜான் சொன்னது ஒரே ஒரு வசனம்தான்: "ஒன் வெரா." பார்ப்போம் என்று அர்த்தம். எங்கள் ஆட்களில் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் "பார்ப்போம்" என்றால், அந்த வீட்டில் மறுநாளே வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் பின்னேரம் அபிஷா போனைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அப்பா, எத்தியன்ரை அப்பா. உங்களோடை கதைக்க வேணுமாம்."

"என்னோடையோ? நான் என்ன பிழை விட்டனான்?"

"ஒண்டும் இல்லை. பிடியுங்கோ."

பிடித்தேன். கடையில் வாடிக்கையாளர் கதைக்கும் பிரெஞ்சு எனக்கு விளங்கும். ரெஜானுடையது அந்தப் பிரெஞ்சு இல்லை. வாய்க்குள் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு, எதிர்க்காற்றில் நின்று கதைப்பது மாதிரி இருந்தது. அதில் 'லூனெத்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன். லூனெத் என்றால் மூக்குக்கண்ணாடி. என் சோறே அதுதான். மற்ற எல்லாவற்றுக்கும் "வி, வி" என்றேன்.

இதை ஊரில் உள்ளவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. போனில் யாராவது கதைத்தால் நாங்கள் இடையிடையே "ஓம், ஓம்" என்போம். நான் இருக்கிறேன், லைன் அறுந்துபோகவில்லை, சொல்லுங்கள் என்று அதற்கு அர்த்தம். சம்மதம் என்ற அர்த்தம் அதில் கடைசியாகத்தான் வரும், சில வேளை வரவே வராது. நான் அந்த ஓமைத்தான் பிரெஞ்சில் 'வி' என்று சொன்னேன். பிரெஞ்சுக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவர்களின் 'வி' என்றால் சம்மதமேதான்.

அபிஷா எத்தியனைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அவரிட்டை மூண்டு ரஷ்யக் கண்ணாடி இருக்காம், துவக்கிலை பூட்டுறது. நீங்கள் மூண்டையும் சோதிச்சு, எது நல்லதெண்டு சொல்லுறன் எண்டனீங்களாம்."

"நானோ?"

"ரஷ்யச் சாமான்களிலை உங்களுக்கு அனுபவம் இருக்கெண்டும் சொன்னனீங்களாம்."

"நான் ஓம் எண்டு மட்டுந்தானே பிள்ளை சொன்னனான்!"

வதனி குசினிக்குள்ளிருந்து சிரித்தாள். அபிஷா சிரிக்கவில்லை.

"அவர் ஒருத்தரிட்டையும் உதவி கேக்கிற ஆள் இல்லையப்பா. இதுதான் முதல் தரமாம். ரெண்டு கிழமையிலை ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்களை வரச் சொல்லியிருக்கினம். அண்டைக்குத்தான் கதைக்கப்போகினம். பிளீஸ் அப்பா. பழுதாக்கிப்போடாதேங்கோ."

2

மறுநாள் எத்தியன் மூன்றையும் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் ஒன்றரை றாத்தல் வரும் கறுப்புக் குழாய். இரண்டு பக்கமும் அகன்று நடுவில் ஒடுங்கி, மூத்திர வாடை அடிக்கிற பழைய கிறீஸ் பூசி இருந்தது. அன்றிலிருந்து வீட்டில் அதற்குப் பெயர் குழாய்தான்.

விஷயத்தை எத்தியன் சொன்னான். பேர்பெற்ற கண்ணாடிகள் நல்ல துப்பாக்கியை விட விலை. ரஷ்யக் கண்ணாடி மலிவு, அத்தோடு லொறி ஏறினாலும் உடையாது என்று வேட்டைக்காரருக்குள் ஒரு நம்பிக்கை. கொஞ்சக் காலமாகப் புதுசு இங்கே வருவதில்லை. பழசைத்தான் ஆளுக்கு ஆள் கைமாற்றுகிறார்கள். ரெஜான் மூன்று இலையுதிர் காலத்துக்கு மூன்று வாங்கியிருக்கிறார், மூன்று வேறு வேறு ஆட்களிடம். மூன்று முறையும் மூஸ் மான் தப்பிவிட்டது. ஒவ்வொரு முறையும் "இந்தக் கண்ணாடி கூடாது" என்று கழற்றியிருக்கிறார். போன வருடம் மூன்றாவதும் தப்பியதும், வேட்டை முகாமில் கூட்டாளிகள் அவரைச் சுடுவதற்கு மரத்தில் ஏற விடாமல், அவரைக்காய் அவிக்க விட்டுவிட்டார்களாம்.

"முப்பது வருஷம் முதல் ஆளாய்ச் சுட்டவர், மமா," என்றான் எத்தியன் பிரெஞ்சில். "இப்போது சமையல்காரர். வீட்டில் யாரோடும் ஒழுங்காகக் கதைப்பதில்லை."

பெட்டி கட்டிலுக்குக் கீழே போனது. நான் கட்டிலுக்கு மேலே முழித்துக்கொண்டு கிடந்தேன்.

ஊரில் ஒருமுறை ரோச் லைற் ஒன்றின் முன்கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் வைத்துச் சைக்கிளில் போனேன். குண்டு செய்வார்கள் என்று பற்றரி தடைசெய்யப்பட்டிருந்த சண்டைக் காலம். கண்ணாடி இருந்தால் ரோச் இருக்கும், ரோச் இருந்தால் பற்றரி இருக்கும், பற்றரி இருந்தால் மற்றது இருக்கும் என்று கணக்குப்போட்ட சிப்பாய் என்னை மத்தியானம் முழுவதும் சாவடி வெயிலில் நிறுத்திவைத்தான். அது ரூபாய்க்கு இரண்டு விற்கிற கண்ணாடி. இது துவக்குக் கண்ணாடி, மூன்று, அதுவும் ரஷ்யா. அந்தச் சிப்பாயின் கணக்கை இங்கே யாராவது போட்டால் நான் எங்கே போய் நிற்பது?

விடிந்ததும் வதனியிடம் சொன்னேன். "பொலிசிலை போய்க் கேக்கப்போறன், உதை வீட்டிலை வைச்சிருக்கலாமோ எண்டு."

"இஞ்சருங்கோ, கேக்காட்டி ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டால் எல்லாருக்கும் தெரியும்."

"அதுக்குத்தான் சாமானைக் கொண்டுபோகேல்லை. படம் கீறிக்கொண்டு போறன்."

கீறினேன். எட்டாம் வகுப்பில் சித்திரப் பாடத்துக்கு எனக்கு இருபத்திரண்டு புள்ளி.

பொலிஸ் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் ஓர் இளம் அதிகாரி. நான் பாடமாக்கிக்கொண்டு போன வசனங்கள் அவரைக் கண்டதும் கலைந்துவிட்டன. "ஆயுதம் இல்லை," என்றேன் முதலாவதாக. பொலிசிடம் முதலாவதாகச் சொல்லக்கூடாத சொல் அது என்று அவர் எழும்பியபோதுதான் தெரிந்தது. "ஆயுதத்தின் கண்," என்று திருத்தினேன். அவர் இன்னும் நன்றாக எழும்பினார். படத்தை நீட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கீறியது அச்சொட்டாக உடுக்கு மாதிரி இருந்தது.

"வாத்தியமா, ஐயா? கோயிலில் அடிப்பதா?"

"வி, வி," என்றேன் பயத்தில்.

சத்தமாக அடிப்பதென்றால் இரவு பதினொரு மணிக்குப் பிறகு அடிக்கக்கூடாது என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் யோசித்தேன். பொலிசுக்குப் பொய் சொல்லிவிட்டேன். இது குழாயை வைத்திருப்பதை விடப் பெரிய குற்றம். வீட்டுக்குப் போய் ஒரு குழாயைப் பழைய துவாயில் சுற்றி, அரிசிப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிப் போனேன். அதே அதிகாரி. துவாயைப் பிரித்தார்.

"இது வெறும் லூனெத், ஐயா. துப்பாக்கி இல்லாமல் இதுக்கு ஒரு அனுமதியும் தேவையில்லை." பிறகு அதைக் கண்ணில் வைத்து வாசல் பக்கம் பார்த்தார். "ஆ, ரஷ்யன்! என் மச்சானிடமும் ஒன்று இருந்தது. பாரம் கூட, ஆனால் சாகாது. விற்கிறீர்களா?"

3

பயம் போனபிறகு வேலை வந்தது. கடையில் லென்ஸ் சோதிக்கிற எனக்கு இதுவும் லென்ஸ்தானே என்று ஒரு தைரியம். கொப்பி ஒன்றில் மூன்று நிரல் கீறிக்கொண்டேன்.

தூரத்தில் உள்ள ஒன்றைப் பார்த்தால்தான் குழாயின் குணம் தெரியும். எங்கள் பின்பக்கப் பல்கனியில் நின்றால், ஒழுங்கைக்கு அப்பால் டெப்பனர் என்கிற மூலைக்கடை ஒன்றின் பலகை தெரியும், பியர் விலை எழுதிய பலகை. பட்டப்பகலில் ஒரு தமிழன் பல்கனியில் நின்று துவக்குக் கண்ணாடியால் ஊரைப் பார்த்தால் என்ன ஆகும்? கயிற்றில் கட்டில்விரிப்பைக் காயப்போட்டு, அதற்குப் பின்னால் கதிரை போட்டு, இரண்டு விரிப்புக்கு நடுவிலிருந்த இடைவெளியால் பார்த்தேன். வதனி காவல்.

"கெதியாய்ப் பாருங்கோப்பா. பின்வீட்டுக் கிரேக்க மனுசி இஞ்சைதான் பாக்குது."

"பொலிசிலை கேட்டுப்போட்டன். பிழையில்லை."

"துவக்கெண்டு ஆர் நினைக்கப்போறாங்கள்? அந்த மனுசி உடுப்புக் காயப்போடுறதை ஒளிச்சிருந்து பாக்கிறியள் எண்டுதான் நினைக்கும். அதுக்கு என்ன பெர்மிற் எடுக்கப்போறியள்?"

நான் உள்ளே ஓடிவிட்டேன். பிறகு அந்த அம்மா கடைக்குப் போன நேரமாகப் பார்த்துத்தான் மிச்சச் சோதனை.

முதலாம் குழாய்: நடுவில் கூர்மை, ஓரத்தில் மங்கல். வெளிச்சம் பால் விடாத தேத்தண்ணி நிறம். மேலே உள்ள திருகியைப் பத்துச் சொடுக்குத் திருகி, பத்துச் சொடுக்குத் திரும்பக் கொண்டுவந்தேன். குறுக்குக்கோடு எதிர்ச்சுவரின் அதே செங்கல்லில் வந்து நின்றது. அழகில்லை, ஆனால் சொன்ன சொல் மாறாத ஆள்.

இரண்டாம் குழாய்: பார்க்க முதலாவதை விடத் தெளிவு. ஆனால் பத்துப் போய்ப் பத்து வந்தால், கோடு அரைச் செங்கல் தள்ளி நின்றது. இன்னொருமுறை செய்தேன், இன்னொரு இடத்தில் நின்றது. இதுதான் பிறீசருக்குப் போனது. இந்த ஊரில் வேட்டைக் காலத்தில் விடியப்புறம் தண்ணீர் உறையும். குளிரில் வைத்து எடுத்தால் வெளியே ஆவி பிடிக்கும், அதைத் துடைக்கலாம். உள்ளே பிடித்தால் அடைப்பு விட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். இரண்டாம் நாள் மீன் எடுக்கப் போன வதனி அதையும் எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே மூடுபனி. அதோடு கொஞ்சம் அறக்குளா வாசமும்.

மூன்றாம் குழாய்தான் மூன்றிலும் நல்ல லென்ஸ். வெளிச்சம் வெள்ளை, ஓரம்வரை கூர்மை. அந்த டெப்பனர் பலகையில் யாரோ பேனாவால் எழுதியிருந்த கெட்ட வார்த்தைகூட வாசிக்க முடிந்தது. ஆனால் உள்ளே குறுக்குக்கோட்டுக்குப் பக்கத்தில், படிப்படியாக இறங்கும் ஒரு வளைந்த கோடும் இலக்கங்களும் இருந்தன. எத்தியனைக் கேட்டேன். அவன் இன்ரநெற்றில் தேடிச் சொன்னான்.

"தூரம் அளக்க, மமா. கீழ்க்கோட்டில் காலை வைத்தால், தலை வளைவில் எங்கே முட்டுகிறதோ அந்த இலக்கம் தூரம்."

"எதின் கால்?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "ஆளின் கால். இது பட்டாளத்துக்குச் செய்த மாதிரி. ஒரு மீற்றர் எழுபது உயரமான ஆளுக்குக் கணக்கு."

இந்த நாட்டுக்கு வந்த புதுசில் குடிவரவு வைத்தியர் என்னைச் சுவரோடு நிறுத்தி அளந்தார். ஒரு மீற்றர் எழுபது. அதற்குப் பிறகு நான் வளரவில்லை.

குழாயைத் துவாயில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தேன். கொப்பியில் மூன்றாம் நிரலில், "லென்ஸ் நல்லது. மிருகத்துக்கு இல்லை," என்று எழுதினேன். அன்றைக்கு வேறொன்றும் சோதிக்கவில்லை.

4

சனிக்கிழமை, திருப்பிக் கொடுக்க முதல் மூன்றையும் துடைத்தபோதுதான் அது எனக்குப் பிடிபட்டது.

இந்தக் குழாய்களில் கண் வைக்கும் பக்கத்தில் ஒரு வளையம் இருக்கிறது. பார்க்கிறவரின் கண்ணுக்கு ஏற்றபடி அதைத் திருகிக் கூர்மையாக்கலாம். நான் பார்க்கும்போது ஒவ்வொன்றையும் என் கண்ணுக்குத் திருகியிருந்தேன். திருகின அளவு எனக்கு ஞாபகம் இருந்தது, ஏனென்றால் மூன்றிலும் நெடுந்தூரம் திருக வேண்டியிருந்தது. என் கைக்கு வரும்போது மூன்று வளையங்களும் ஒரே பக்கமாக, இனிப் போகாது என்ற முடிவுவரை திருகிக் கிடந்தன.

மூன்று வேறு ஆட்களிடம் வாங்கிய மூன்று குழாய். மூன்றையும் திருகிய கை ஒன்றுதான். கண்ணும் ஒன்றுதான். வளையம் முடிந்த இடத்திலும் அந்தக் கண்ணுக்குப் போதவில்லை. அதனால்தான் மூஸ் மூன்று முறை தப்பியிருக்கிறது.

"வதனி, அந்தாளுக்குக் கண் தெரியேல்லை."

"ஆருக்கு?"

"சம்பந்திக்கு. ரெண்டாவதை விட்டால் குழாயிலை பிழையில்லை. ஒண்டு நல்ல குழாய். கண்தான் பிழை."

அவள் ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து இருந்தாள். "உதைச் சொல்லப்போறியளோ?"

அதுதான் கேள்வி. ஊரில் நான் சைக்கிள் கடையில் நின்றவன். ஒரு பள்ளிக்கூட அதிபர், இருக்கை சரியில்லை, இருக்கை சரியில்லை என்று மூன்று முறை இருக்கை மாற்றினார். சில்லும் நேர், சட்டமும் நேர். கோணல் அவருடைய இடுப்பு. எனக்கு அப்போது இருபது வயது, வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் மட்டுமில்லை, அந்தப் பள்ளிக்கூடத்து வாத்திமார் ஒருத்தரும் எங்கள் கடைப் பக்கம் வரவில்லை. முதலாளி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. இது வாடிக்கைகூட இல்லை, என் பிள்ளையின் வாழ்க்கை.

"சொல்லாட்டி?" என்றாள் வதனி.

"சொல்லாட்டி, முதலாம் குழாயைப் பூட்டிக்கொண்டு போவார். இந்த முறையும் தப்பும். பேந்து, அந்தத் தமிழன் சொன்ன குழாயும் கூடாது எண்டுவார்."

"அது பரவாயில்லை."

"மானெண்டு நினைச்சு ஒரு மனுசனைச் சுட்டால்?"

வதனி கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "அபிஷாவுக்கு இப்ப சொல்லாதேங்கோ," என்றாள். "சொன்னால் உங்களைக் கூட்டிக்கொண்டு போகமாட்டாள்."

5

ஞாயிற்றுக்கிழமை எத்தியன் காரில் நாலு பேரும் போனோம். வதனி நாற்பது மீன் றோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்தாள். ரெஜான் வாசலில் நின்றார். பெரிய மனிதர், பெரிய கை. என் கையைப் பிடித்துக் குலுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் என் தலைக்குப் பின்னால் எதையோ பார்த்தார். மதிக்கவில்லை என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள்.

பெண்கள் குசினிக்குப் போக, அவர் என்னைக் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதவைச் சாத்தினார். மேசையில் மூன்று குழாயையும் வரிசையாக வைத்தேன். பாடமாக்கிய பிரெஞ்சில் சொன்னேன்: இரண்டாவது, கோடு நிற்பதில்லை, உள்ளே ஆவி, எறியுங்கள். மூன்றாவது, லென்ஸ் நல்லது, ஆனால் அளவு மனிதனுக்கு. என் நெஞ்சைத் தொட்டு, "ஒரு மீற்றர் எழுபது, நான்," என்றேன். அவர் அந்தக் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அதை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். நான் மிச்சத்தையும் சொன்னேன்: முதலாவது, பாரம், அழகில்லை, நேர்மை. வைத்திருங்கள்.

அத்தோடு முடிந்திருக்கலாம். நான் கதவுப் பக்கம் திரும்பியும் விட்டேன்.

"இது நல்லதென்றால்," என்றார் மெதுவாக, எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லாக, "இதால் ஏன் தப்பியது?"

இந்த இடத்தில் கொஞ்சம் பிரெஞ்சுப் பாடம் சொல்ல வேண்டியிருக்கிறது. 'ஊன் லூனெத்' என்றால் ஒருமை, துவக்கில் பூட்டுகிற குழாய். 'தே லூனெத்' என்றால் பன்மை, மூக்கில் போடுகிற கண்ணாடி. 'லூனெத்' இரண்டிலும் ஒரே சத்தம். முன்னால் வருகிற அந்தச் சின்னச் சொல் மட்டும்தான் வித்தியாசம். தமிழில் அப்படி ஒரு சின்னச் சொல் கிடையாது. நானும் இருபத்தாறு வருடமாக அதை விட்டுவிட்டுத்தான் பிரெஞ்சு கதைக்கிறேன். இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

"லூனெத் நல்லது," என்றேன். "தேவை லூனெத் இல்லை. தேவை லூனெத்."

"எந்த லூனெத்?"

"இந்த லூனெத் இல்லை. லூனெத்!"

"இரண்டாவதா?"

"இல்லை, இல்லை. லூனெத் இல்லை. லூ... னெத்!" மூக்கைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் மணந்து பார்த்தார். "மீன் மணமா? ஓம், அது மணக்குதுதான். அது ஏன்?"

அவருடைய கண்ணைச் சுட்டிக் காட்டினேன். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்துக் கசக்கினார். எனக்கு வேர்த்து, என் கண்ணாடியிலேயே ஆவி பிடித்துவிட்டது. அதைக் கழற்றினேன், துடைத்தேன், வேறு வழி தெரியாமல் இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன்.

அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டு வந்தது. கராஜ் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

குசினிக்குள் போனேன். அபிஷா என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா. என்ன சொன்னனீங்கள்?"

சொன்னேன். அவள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். "ஐயோ அப்பா. எலும்பு முறிஞ்சால்கூடச் சொல்லாத மனுசனிட்டை, குருடன் எண்டு சொல்லியிருக்கிறியள்!"

"குருடன் எண்டு சொல்லேல்லை. அந்தச் சொல் எனக்குப் பிரெஞ்சிலை தெரியாது."

எத்தியனுக்கும் லீனுக்கும் அபிஷாவே பிரெஞ்சில் சொன்னாள். லீன் கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கினாள். இரண்டு வருடமாகத் தான் இதைத்தான் சொல்கிறாளாம். போன நத்தாருக்கு மனிதர் பக்கத்து வீட்டு நாயைத் தன் நாய் என்று கூட்டிக்கொண்டு வந்து, சாப்பாடும் கொடுத்துப் படுக்கவும் வைத்தாராம். ஆனால் அவள் முகமும் பயந்துதான் இருந்தது.

சாப்பாடு மேசைக்கு வந்தது. ரெஜான் வரவில்லை. யன்னலால் பார்த்தேன். தன்னுடைய பிக்கப்பின் பின்தட்டில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, காட்டுப் பக்கம் பார்த்தபடி இருந்தார். அபிஷா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வதனி ஒரு தட்டில் நாலு றோல்ஸ் வைத்து என் கையில் தந்தாள்.

"போங்கோ. உடைச்சது நீங்கள்தானே."

போய்ப் பக்கத்தில் ஏறி இருந்தேன். என் கால் நிலத்தில் முட்டவில்லை, அவருடையது முட்டியது. தட்டை நடுவில் வைத்தேன். அவர் காட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"நிச்சயமா?"

"நிச்சயமா?" என்றேன். "நானா? நான் ஒருநாளும் ஒன்றிலும் நிச்சயமில்லை."

அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து திரும்பிப் பார்த்தேன். சிரிக்கிறார். சத்தமில்லாமல் தொடங்கி, பிறகு பிக்கப்பே ஆடுகிற மாதிரிச் சிரித்தார். ஒரு றோல்ஸை எடுத்து முழுதாக வாய்க்குள் போட்டார். வதனியின் கை, கேட்க வேண்டுமா? ஆளுக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. உறைப்பு என்றே இருவரும் வைத்துக்கொண்டோம்.

"முகாமில் சிரிப்பார்கள்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சமைக்கவும் கண் வேணும்," என்றேன். யோசித்துச் சொன்ன பகிடி இல்லை, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அவ்வளவுதான் வந்தது. அவர் இரண்டாவது றோல்ஸை எடுத்தார்.

6

மூன்று கிழமை கழித்து எத்தியன் தாயையும் தகப்பனையும் எங்கள் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். அதற்கிடையில் கண் வைத்தியரிடம் காட்டி எழுதுவித்திருந்தார்கள். பவரைப் பார்த்தேன். குழாய் வளையம் திருகினது போதாமல் போனதில் ஆச்சரியமில்லை.

லென்ஸை நானே வெட்டினேன். சாதாரணமாக இரண்டு முறை சரிபார்ப்பேன். இதை ஐந்து முறை பார்த்தேன். முதலாளி மதாம் கேட்டார், "இது யாருக்கு, பிரதம மந்திரிக்கா?"

ரெஜானைக் கதிரையில் இருத்தி, மதாம் கண்ணாடியைப் போட்டுவிட்டு, மூக்குப் பிடியை மட்டும் சரிசெய்யச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். அபிஷாவும் வதனியும் லீனும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். அவர் முதலில் தெருவைப் பார்த்தார். எதிர்க்கடைப் பெயரை வாசித்தார். அதன் கீழே சின்ன எழுத்தில் இருந்த திறக்கும் நேரத்தையும் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். முதன்முதலாக என் தலைக்குப் பின்னால் இல்லாமல், என்னை. நெற்றியிலிருந்து நாடிவரை ஆறுதலாகப் பார்த்தார்.

"உங்களை இளம் ஆள் என்று நினைத்திருந்தேன்," என்றார்.

பிறகு மனைவி பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். லீன் விரலைத் தூக்கினாள்.

"நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்."

அவர் வாயை மூடிக்கொண்டார். கடையின் மற்றக் கோடியில், சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. கதிரையிலிருந்து எழும்பாமலே, கையை நீட்டி, பொடி இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனார். இந்தக் கிழமை காட்டுக்கு. அடுத்த கிழமையும் காட்டுக்கு, மரத்தில், சமையலில் இல்லை. "அதற்கடுத்த சனி," என்றார் அபிஷாவைப் பார்த்து. "மோதிரம். எங்கள் வீட்டில். அந்த உறைப்புச் சாமான் நூறு வேண்டும்."

அபிஷா ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தாள். வதனி என் காதுக்குள் குனிந்தாள்.

"இஞ்சருங்கோ, அந்தச் சனி அட்டமியோ நவமியோ தெரியேல்லை. நல்ல நாள்தானோ?"

பஞ்சாங்கம் வீட்டில் இருந்தது. போனிலும் பார்த்திருக்கலாம். இரண்டு கையாலும் சம்பந்தியின் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, மூக்குப் பிடியை அரை மில்லிமீற்றர் இறக்கி, திரும்பப் போட்டுவிட்டு, நல்ல நாள்தான் என்றேன்.